வாழைநாரில் காய்த்த செரிமோயா

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தை முதலில் உருட்டியவன் எந்த ஊர்க்காரன் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் பழத்தை எப்படித் தின்ன வேண்டும் என்று மனித குலத்துக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரும் விலாசமும் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. திருவாளர் ஆதிமூலம், ஓய்வுபெற்ற கூட்டுறவு சார்பதிவாளர், கள்ளக்குறிச்சி. அவருக்கு முன்னால் ஜனங்கள் பழத்தைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இருண்ட காலம் அது.

ரிட்டையரான கையோடு அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த கத்தரிப் பாத்தியையும் அவரைப் பந்தலையும் அழித்தார். அந்த இடத்தில் ‘பன்னாட்டுக் கனித் தோட்டம்’ உதயமாயிற்று. பெங்களூரிலிருந்து கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு தகரப் பலகை நடப்பட்டது. ‘செரிமோயா. பிறப்பு: பெரு நாடு.’ ‘ரம்புட்டான். பிறப்பு: மலேயா.’ ‘மங்குஸ்தான். பிறப்பு: ஜாவா.’ ‘அவகேடோ. பிறப்பு: மெக்சிகோ.’ பலகைகள் வருஷா வருஷம் பெயிண்ட் பூசப்பட்டு வளர்ந்தன. செடிகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி வெயிலில் இலை விட்டு நிற்பதே தங்கள் சாதனை என்று அவை நினைத்துவிட்டன.

தோட்டத்து மூலையில் ஆதிமூலத்தின் மனைவி பெரியநாயகி நட்ட முருங்கை ஒன்று இருந்தது. அதற்குப் பலகை கிடையாது. யாரும் கேட்காமலே காய்த்துக்கொண்டிருந்த ஒரே மரம் அதுதான் என்பதால், அதை யாரும் ஒரு மரமாக மதிக்கவில்லை.

தோட்டம் இருந்தால் கழகம் வேண்டும் அல்லவா? ‘கள்ளக்குறிச்சி கனிச் சுவைஞர் கழகம்’ பிறந்தது. தலைவர் ஆதிமூலம். செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராமசாமி. கழகத்துக்கு வேண்டிய வார்த்தைகளை அவர் கொடுத்தார். பொருளாளர், அரிசி மில் முதலாளி தங்கமணி. அவர் வெள்ளிக் கரண்டி கொடுத்தார். கழகத்தின் கதவு ஜாதி மத வித்தியாசமின்றி எல்லோருக்கும் திறந்தே இருந்தது. நாற்காலிதான் மூன்று.

முதல் அமர்விலேயே தங்கமணி ஒரு பெரிய தவறு செய்தார். கரண்டியை வாயிலிருந்து எடுத்ததும், “நல்லா தித்திப்பா கீதுங்க” என்று சொல்லிவிட்டார்.

ராமசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “தித்திப்புன்னு எறும்பு கூடச் சொல்லும், மொதலாளி. அதுக்கு எதுக்குக் கழகம்?”

அன்றிலிருந்து ‘தித்திப்பு’ என்ற சொல் கழக வளாகத்தில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக, கண்ணை மூடிக்கொண்டு, “நாவின் பின்வாசலில் யாரோ வந்து மெல்ல விசாரிப்பது போலிருக்கிறது” என்கிற மாதிரி சொல்ல வேண்டும். தங்கமணி ஒரு மாசம் பயிற்சி எடுத்தார். மில்லில் அரைக்க வந்தவர்களிடமும் அப்படியே பேசி, இரண்டு வாடிக்கைகளை இழந்தார்.

கழகத்தின் உயிர்நாடி ஒரே ஒரு கொள்கை. அதன் பெயர் தகுதி. ஒவ்வொரு அமர்வையும் ஆதிமூலம் அதைச் சொல்லித்தான் தொடங்குவார்; பழத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு முடிப்பார். “பழத்துக்கு ஜாதி இல்லை. ஊர் இல்லை. மரம் இல்லை. நாக்கில் வைத்தால் தகுதி இருக்கிறதா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி.” இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு இப்படி ஒரு கொள்கை எங்கேயிருந்து வந்தது என்று எல்லோரும் வியந்தார்கள்.

இந்த உற்சாகத்தில் அவர் ஒரு விதியையும் போட்டுவிட்டார். கழகத்தில் சுவைக்கப்படும் கனி, அங்கத்தினர் கண்முன்னால் மரத்திலிருந்து பறிக்கப்பட வேண்டும். கடையில் வாங்கிய பழம் காம்பவுண்டுக்குள் வரக் கூடாது. விதி மிக நல்ல விதி. மரங்களுக்குத்தான் அது தெரிவிக்கப்படவில்லை.

இங்கேதான் கண்ணுசாமி வருகிறார்.

கண்ணுசாமி கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் சாமையும் தினையும் போடுகிறவர். அவர் கொல்லையோரம் சீத்தா மரங்கள் தாமாக முளைத்துத் தாமாகக் காய்த்தன. சீசனில் புதன்கிழமை சந்தைக்கு ஒரு கூடை கொண்டுவருவார். அந்தக் கூடையை ஆதிமூலம் ஒரு நாள் உற்றுப் பார்த்தார். செரிமோயாவும் சீத்தாவும் பங்காளிகள் என்று எங்கேயோ படித்த ஞாபகம் அவருக்கு வந்தது. பங்காளி வீட்டுச் சொத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் புதிய விஷயமும் அல்ல.

“கண்ணுசாமி, இதைக் காம்போட கொண்டாந்து எங்க வூட்டு மரத்துல கட்டணும். வெளியில தெரியக் கூடாது.”

கண்ணுசாமி ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, “செஞ்சிட்டாப் போச்சிங்க” என்றார். ஏதோ ஒரு காரணத்தைத் தானாகவே புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. மறுநாள் விடியலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஊறவைத்த வாழைநாரால் ஒவ்வொரு பழத்தையும் செரிமோயா கிளையில் பதவிசாகக் கட்டினார். கட்டி முடித்ததும் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காசு கொடுத்தபோது இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இதுக்குப் போயி காசு வாங்கக் கூடாதுங்க.”

‘மலை ஜனங்களின் வெள்ளை மனசு’ என்று ஆதிமூலம் நெகிழ்ந்துபோனார். அதன்பின் கழகத்தின் செரிமோயா சீசன் தவறாமல் காய்த்தது.

ஒவ்வொரு தடவையும் போகும்போது கண்ணுசாமி ஒன்றே ஒன்று மட்டும் சொல்வார். “ஐயா, நம்ம பச்சமுத்து பி.காம். முடிச்சிட்டான். சங்கத்துல கிளார்க்கு வேலைக்கு எழுதிப் போட்டுக்கீறான். ஐயா பழைய ஆபீசரு. ஒரு வார்த்த…”

“தகுதி இருந்தா தானா வரும்யா. சிபாரிசுன்னாலே எனக்கு ஆவாது.”

“ஆவட்டுங்க” என்று கண்ணுசாமி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்.

கழகத்தின் புகழ் சென்னை வரைக்கும் போயிற்று. ‘அகில தமிழ்நாடு வீட்டுக்கனி ஆர்வலர் பேரவை’ என்ற அமைப்பின் அமைப்புச் செயலாளர் அறிவுச்செல்வன் நேரில் வந்து தோட்டத்தைப் பார்த்து, ஆதிமூலத்துக்கு ‘கனிக்கோ’ என்ற பட்டம் கொடுப்பது என்று முடிவாயிற்று. எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாசத்து ஞாயிற்றுக்கிழமை. ஆதிமூலம் இரவில் தூக்கத்திலும் தன்னைத்தானே ‘கனிக்கோ’ என்று கூப்பிட்டுத் திரும்பிப் படுத்தார். வாசல் கேட்டில் புதுப் போர்டு ஏறிவிட்டது. ‘கனிக்கோ ஆதிமூலம்’. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெரியக் கூடாதென்று முதல் வார்த்தைமேல் மட்டும் நியூஸ் பேப்பர் ஒட்டியிருந்தது. தெருவில் போகிற ஒவ்வொருவரும் அதன் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இனி பட்டம் வராவிட்டால் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.

சென்னைக்காரர் முன்னால் ஒற்றைச் செரிமோயா போதாது என்று அவருக்குப் பட்டது. தென்காசியிலிருந்து ரம்புட்டானும் மங்குஸ்தானும் பஸ் பார்சலில் அனுப்பச் சொல்லி ஏற்பாடு செய்தார். புதன்கிழமை சந்தைக்கு வந்த கண்ணுசாமியைப் பிடித்தார்.

“ஞாயித்துக்கெழம காலைல வந்துடு. இந்தத் தரம் ஒரு மரமும் வெறுமையா நிக்கக் கூடாது. புரிஞ்சுதா? ஒரு மரமும்.”

“ஒரு மரமும் நிக்காதுங்க” என்றார் கண்ணுசாமி பயபக்தியோடு.

அன்று சாயங்காலமே அறிவுச்செல்வன் சால்வை, கண்ணாடி போட்ட பட்டயம் சகிதம் வந்து சேர்ந்தார். நாலு நாள் முன்கூட்டியே வருவது பேரவையின் மரபு. சாப்பாடு நன்றாக இருக்கும் வீடுகளில் அந்த மரபு கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது.

வியாழக்கிழமை காலையில் பெரியநாயகி வெறும் பால் சொம்போடு உள்ளே வந்தார்.

“இன்னாங்க, பாலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. சேலம் ரோட்டுல புளிய மரத்த வெட்டிப் போட்டுக்கினு ஜனமெல்லாம் குந்திக்கினு கீதாம்.”

“எதுக்காம்?”

“படிப்புல, வேலைல பங்கு கேக்குறாங்க. இட ஒதுக்கீடு.”

ஆதிமூலம் வருத்தத்தோடு சிரித்தார். “பங்கு கேட்டு வாங்கறதா அது? தகுதின்னு ஒண்ணு வேணும், பெரியநாயகி.”

“உங்க தகுதி தென்காசி பார்சல் ஆபீஸ்ல குந்திக்கினு கீது. அதுவும் பஸ் வந்தாத்தான் வரும்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மலைப்பாதையில் ஜீப்பும் ஓடாது. கண்ணுசாமியும் வர மாட்டார். தோட்டத்தில் ஒரு காய் இல்லை. கேட்டில் நியூஸ் பேப்பர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அதைவிட ஆபத்து, அறிவுச்செல்வன் பல் தேய்த்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிவரும் வழக்கம் உள்ளவராக இருந்தார்.

“ஏன் சார், ஞாயித்துக்கெழமை பறிக்கணும்னா இப்ப காயாவது தெரியணுமே?”

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். “செரிமோயா கூச்சமுள்ள மரம் சார். ஆள் நடமாட்டம் இருந்தா காயை இலைக்குள்ள இழுத்துக்கும். பழுத்தப்புறந்தான் தைரியமா வெளிய வரும்.”

“அப்படியா? சிங்கப்பூர்ல நான் பார்த்த செரிமோயா சகஜமாப் பழகுச்சே.”

“சிங்கப்பூர்ல ஜனங்க நாகரிகமா நடந்துப்பாங்க. இங்க உத்துப் பார்க்கறாங்களே சார்.”

அறிவுச்செல்வன் அந்த நிமிஷமே மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல் தேய்த்தார். பண்பாளர்.

ரோடு மறிபட்டிருந்ததால் கடைத்தெருவில் காய்கறி இல்லை. பெரியநாயகி காலையில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தார். மத்தியானம் முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு. ராத்திரி முருங்கைக்கீரை அடை. மறுநாளும் அப்படியே. அறிவுச்செல்வன் ஒவ்வொரு வேளையும் இலையோரத்தில் சக்கையைக் கோபுரமாக அடுக்கிவிட்டு, “இன்னொரு கரண்டி ஊத்துங்கம்மா” என்றார். அதற்கு அவர் மார்க் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சனிக்கிழமை கழகம் அவசரமாகக் கூடியது. ரேடியோவில், எங்கேயோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கமணி கொஞ்சம் முகம் வாடி, “பாவம், சின்னப் பசங்களா இருக்கும்” என்றார். ராமசாமி எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினார். உலகம் இப்படித் தகுதியற்ற விஷயங்களில் மும்முரமாக இருந்தபோது, கழகம் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ‘கனிகளுக்குள் எக்காலத்திலும், எவ்வகையிலும் இட ஒதுக்கீடு கூடாது.’ எந்தக் கனியும் அப்படிக் கேட்டிருக்கவில்லை என்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். ஆதிமூலம் முன்கூடத்தில் அறிவுச்செல்வனை உட்காரவைத்து, அவர் எழுந்துவிடாதபடி கழகத்தின் சட்ட விதிகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கொல்லைப்பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அது விருந்தாளியின் காதில் விழாதபடி அவர் உரக்க வாசித்தார். கண்ணுசாமியின் குரல்.

“நடந்தேதாம்மா வந்தேன். கச்சிராயபாளையத்தாண்ட மரத்தப் போட்டு மடக்கிக்கினு, தாண்டக் கூடாதுன்னாங்க. ஐயா வூட்டு மரத்துக்குப் பழம் எடுத்துக்கினு போறேன்னேன்.”

“அய்ய, அப்டியேவா சொன்ன?” இது பெரியநாயகி.

“ஆமாம்மா. மரத்துக்கே பழம் எடுத்துக்கினு போற மொத ஆளு நீதான்யான்னு சிரிச்சாங்க. ஆளுக்கொரு பழம் குடுத்தேன். தித்திப்பா கீதுன்னு தின்னுட்டு, கூடையத் தூக்கி அந்தாண்ட வுட்டாங்க. பாதிக் கூடைதான் மிஞ்சிச்சு.”

ஆதிமூலம் கண்ணை மூடி குலதெய்வத்தை நினைத்தார். பிறகு, அமர்வு கூடும் வரைக்கும் கொல்லைப்பக்கம் யாரும் போகாதபடி, சட்ட விதிகளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார்.

ராமசாமியும் தங்கமணியும் வந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் நிற்பதற்காக வந்தார்கள். ஊர்வலமாக எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். முன்னால் போன ஆதிமூலம் கதவுப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

செரிமோயாவில் சீத்தாப்பழம் தொங்கியது. அது சரி. ரம்புட்டானில் சீத்தாப்பழம் தொங்கியது. மங்குஸ்தானில் தொங்கியது. ஒல்லியான அவகேடோ கன்று ஒற்றைப் பழத்தின் பாரத்தில் வில்லாக வளைந்து நின்றது. முருங்கை மரத்தில், காய்களுக்கு நடுவே, இரண்டு சீத்தாப்பழம். துணி காயப்போடும் கம்பத்திலும் ஒன்று. ‘ஒரு மரமும் வெறுமையா நிக்கக் கூடாது’ என்று சொன்னால் சொன்னதுதான். தென்காசிப் பார்சல் வராதது கண்ணுசாமிக்கு ஒரு காரணமாகவே படவில்லை. அவர் வேலையை முடித்துவிட்டு, செருப்பில்லாமல், கை கட்டி, ஓரமாக நின்றார்.

அறிவுச்செல்வன் ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். “எல்லா மரத்துலயும் ஒரே பழமா இருக்கே?”

கேட்டில் நியூஸ் பேப்பர் மட்டும் படபடத்தது. ஆதிமூலம் ராமசாமியைப் பார்த்தார்.

ராமசாமி தொண்டையைக் கனைத்தார். முப்பத்தைந்து வருஷம் பதில் தெரியாத கேள்விகளுக்கு வகுப்பில் பதில் சொன்னவர். “ஒரே பழம் இல்லை சார். ஒரே வடிவம். வடிவத்தைப் பார்த்து மயங்குவது பாமரர் வழக்கம். சுவைஞர் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.”

அறிவுச்செல்வனுக்குத் தான் பாமரர் அல்ல என்பது உடனே நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் நடந்தது சுவைக் கலையின் சரித்திரத்தில் ஒரு பொன்னேடு. பலகை வாசிக்கப்படும். பழம் பறிக்கப்படும். வெள்ளிக் கரண்டியில் ஒரு சுளை. நாலு பேரும் கண்ணை மூடுவார்கள்.

“செரிமோயா. பிறப்பு, பெரு நாடு.”

“மலையுச்சியில் பனி விலகுகிற மாதிரி ஒரு… ஒரு கம்பீரம்” என்றார் அறிவுச்செல்வன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

“ரம்புட்டான். பிறப்பு, மலேயா.”

“கடல் காத்து லேசா அடிக்குதுங்க” என்றார் தங்கமணி. தொண்ணூற்றொன்று.

மங்குஸ்தானில் ஜாவாத் தீவின் எரிமலைச் சாம்பல் நாக்கின் இடது ஓரத்தில் தெரிந்ததாக ராமசாமி சொன்னார். எண்பத்தேழு. அவகேடோவில் மெக்சிகோ முழுதாகத் தெரியவில்லை, எல்லைப் பகுதி மட்டும் தெரிந்தது. எண்பது. எல்லாம் ஒரே கூடையில், ஒரே வைக்கோலில் படுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வந்த பழங்கள் என்பதை இந்த நாலு நாக்குகளும் ஒரு கணமும் கவனிக்கவில்லை. அதுதான் பயிற்சி என்பது.

கடைசியில் முருங்கை. ராமசாமி பலகையைத் தேடினார். இல்லை.

“இது… உள்ளூர்” என்றார் ஆதிமூலம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நாலு பேரும் சுவைத்தார்கள். நாலு முகமும் ஒரே சமயத்தில் லேசாகச் சுருங்கின.

“பரவாயில்ல” என்றார் அறிவுச்செல்வன். “ஆனா மண்வாசனை கொஞ்சம் தூக்கல். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கு.”

முப்பத்து நாலு. பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைவு. துணிக் கம்பத்துப் பழம், பிறப்பு தெளிவில்லை என்ற காரணத்தால் பரிசீலிக்கப்படவில்லை.

பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார் இது. நாலு நாளா அந்த மரத்துக் காயத்தான சப்புக் கொட்டிக்கினு சாப்ட்டீங்க?”

“அது சாப்பாடும்மா” என்றார் அறிவுச்செல்வன் பொறுமையாக. “இது மதிப்பீடு.”

சால்வை பிரிக்கப்பட்டது. ஆதிமூலம் கழுத்தை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, செரிமோயாவில் மிச்சமிருந்த ஒரு பழம் பழுத்த பாரம் தாங்காமல் விழுந்தது. அறிவுச்செல்வனின் தோளில் பட்டு உடைந்து, கையில் இருந்த சால்வையின்மேல் தங்கியது. அதன் காம்பில் ஒரு முழம் வாழைநார், அழகாக முடிச்சுப் போட்டபடி.

அறிவுச்செல்வன் நாரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “காம்பு நீளமா இருக்கே.”

“பெரு நாட்டு வகை சார். காம்பு நீளும்” என்றார் ஆதிமூலம்.

“முடிச்சு?”

ஆதிமூலம் நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். அறிவுச்செல்வன் ஓரமாக நின்ற கண்ணுசாமியைப் பார்த்தார். “இவர் யார்?”

“தோட்டக்காரர்.”

“ஏம்பா, இந்த மரத்துக்கெல்லாம் என்ன உரம் போடுற?”

கண்ணுசாமி கட்டின கையை எடுக்கவில்லை. “உரம் இல்லீங்க சாமி. வேண்டுதலுங்க.”

“என்னது?”

“மரம் காய்க்கலன்னு ஐயா மனசு ஒடிஞ்சி, சாமிக்கு நேந்துக்கினு, காய்ச்ச மரத்துப் பழத்தக் கொண்டாந்து கட்டச் சொன்னாருங்க. அத்தப் பாத்தாவது மரத்துக்கு ரோஷம் வரும்னு. நானும் மூணு வருசமாக் கட்டிக்கினு கீறேன். ஒரு மரத்துக்கும் இன்னும் ரோஷம் வரல. இந்தத் தரம் ஜாஸ்தியாவே வேண்டிக்கினேங்க.”

நிற்க வந்த பெரிய மனிதர்கள் இன்னும் நன்றாக நிற்பதற்காக ஒரு அடி முன்னால் வந்தார்கள். பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

“அப்ப… இந்தப் பழமெல்லாம்…” என்று ஆரம்பித்தார் அறிவுச்செல்வன்.

ராமசாமி ஒரு கையை உயர்த்தினார். “சார். பழம் எங்கே காய்த்தது என்பது பிறப்பைப் பற்றிய கேள்வி. பிறப்பைக் கேட்பது இந்தக் கழகத்தின் நாகரிகம் அல்ல. நாம் பார்ப்பது தகுதி. தாங்களே தங்கள் நாவால் தொண்ணூற்றெட்டு போட்டிருக்கிறீர்கள். அந்த நாக்கு பொய் சொல்லிற்று என்கிறீர்களா?”

அறிவுச்செல்வன் பட்டயத்தைப் பார்த்தார். கண்ணாடி போட்டது. பெயர் அச்சடித்தது. வேறு யாருக்கும் உதவாது. ரோடும் இன்னும் திறக்கவில்லை. ராத்திரிக்கு இந்த வீட்டு அடைதான். “பிறப்பைக் கேட்பது தப்புதான்” என்று ஒப்புக்கொண்டார். “கேட்டதுக்கு மன்னிக்கணும்.”

பழக்கறை படிந்த சால்வை தலைவரின் தோளுக்கு ஏறியது. கைதட்டல் கேட்டில் எதிரொலித்தது. தங்கமணி போய் நியூஸ் பேப்பரைக் கிழித்தார். ‘கனிக்கோ’ வெயிலில் பளபளத்தது. கண்ணுசாமியும் கைதட்டினார். வேண்டுதல் எப்படியோ பலித்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. கூடையில் மிச்சமிருந்த பழங்களை விருந்தாளிக்கு நீட்டினார்.

“வேணாம்பா” என்று அறிவுச்செல்வன் வயிற்றைத் தடவிக்கொண்டார். “வெறும் சீத்தாப்பழம் எனக்கு ஒத்துக்கறதில்ல.”

போகும்போது கண்ணுசாமி வழக்கம்போல, “ஐயா, பச்சமுத்துக்கு…” என்றார்.

“தகுதி இருந்தா தானா வரும்யா” என்றார் கனிக்கோ, சால்வையைச் சரிசெய்துகொண்டே. அன்று அவர் குரலில் வழக்கத்தைவிடப் பரிவு இருந்தது.

ரோடுகள் திறந்தன. பஸ்கள் ஓடின. தை மாசம், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கூட்டுறவுச் சங்கம் கிளார்க்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு வைத்தது. பொதுப் போட்டி. தகுதியைத் துல்லியமாக எடைபோடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தேடி, சங்கம் மூன்று பேரைக் கண்டுபிடித்தது. கனிக்கோ ஆதிமூலம், ராமசாமி, தங்கமணி. மேஜைக்குப் பின்னால் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். கரண்டி மட்டும்தான் இல்லை.

பச்சமுத்து வந்து நின்றான். பி.காமில் நல்ல மார்க். கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னான்.

“தம்பிக்கு எந்த ஊரு?” என்றார் ராமசாமி. அலுவல் முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டார்.

“வெள்ளிமலைக்கு மேலங்க.”

“அப்பா?”

“கண்ணுசாமிங்க.”

ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரிந்தவர் மகன் என்பதற்காக இரக்கம் காட்டிவிடக் கூடாதே என்ற நேர்மை அவரைப் பிடித்து உலுக்கியது. அன்று எல்லோரிடமும் கேட்ட பொது அறிவுக் கேள்வியைத்தான் இவனிடமும் கேட்டார்.

“சீத்தாப்பழத்துக்கும் செரிமோயாவுக்கும் என்ன வித்தியாசம்?”

பச்சமுத்து மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தான்.

“சீத்தாப்பழம் மரத்துல காய்க்குங்க. செரிமோயாவ எங்கப்பா கட்டுவாருங்க.”

மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள். பரவாயில்லை, ஆனால் மண்வாசனை கொஞ்சம் தூக்கல். நூற்றுக்கு முப்பத்து நாலு.

தேர்வானவன் தங்கமணியின் மைத்துனர் மகன். பன்னிரண்டை ஏழால் பெருக்கச் சொன்னபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். அந்த மௌனத்தில் ஒரு கம்பீரம் இருந்ததாகக் குழு குறித்துக்கொண்டது. தொண்ணூற்றெட்டு.

அவன் இன்றைக்கும் அந்தச் சங்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறான். பழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. கண்ணுசாமிக்கு நார் கட்டத் தெரியவில்லை என்பது அவனைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.